மூன்று நிமிடம்

பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும்,
இரும்பைத் தின்றுவிடும் என்று
கேனை நீட்டும்போதே சொன்னார் அரூர் கடைக்காரர்.
கேனின் கழுத்தில் அவர் கட்டிய சணல்
நான் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள்
கருகி உதிர்ந்திருந்தது.

போன ஆவணியில்
நாலு குழிக்கு ஒரு குழி வாய் திறக்கவில்லை.
திறந்தவற்றிலும் சில
தண்டு கறுத்துச் சாய்ந்தன.
மழை சரியில்லை என்றார் தீர்த்தகிரி.
மழை எல்லார் காட்டுக்கும்தான் சரியில்லை.
பக்கத்துக் காட்டு ஜடையன் வரிசையில்
ஒரு கோழி படுக்க இடமில்லை.
எங்கள் வரிசையில்
கல்யாணப் பந்தியே போடலாம்.

ஒரு கிலோ விதை. சொந்தக் காட்டு விதை.
ஜின் மில்லில் பஞ்சு பிரித்த பிறகும்
மேலே ஒட்டிய குறும்பஞ்சோடு
ஒன்றின் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு
பிரிய மறுக்கிற கூட்டம்.
அந்தப் பஞ்சுக்குள்தான்
போன வருசத்துப் பூசணம்
போர்த்திப் படுத்திருக்கிறதாம்.

நூறு மில்லி அமிலம்.
கைக்கு ரப்பர் உறை,
காலுக்கு அவருடைய கம்பூட்ஸ்,
கண்ணுக்கு வெல்டிங் கடை நாகராசிடம்
இரவல் வாங்கிய கண்ணாடி.
ஊற்றினேன். நெடி தொண்டையில் ஏறியது.
புங்கங்குச்சியால் கிண்டினேன்,
நிறுத்தாமல் கிண்டினேன்.

மொரப்பூரில் ரயில் நிற்பது இரண்டு நிமிடம்.
அதைவிட ஒன்று கூடுதல்.
அதற்கும் மேலே போனால்
பஞ்சைத் தின்றது பருப்பையும் தின்னும்.
போனில் ஓடும் எண்களை
உரக்கப் படித்துக்கொண்டிருந்தார் தீர்த்தகிரி,
சங்கத்துப் பருத்தி ஏலத்தில்
விலை கூப்பிடுகிற குரலில்.

வெள்ளை போய், சாம்பல் போய்,
காப்பிக்கொட்டை நிறம் வந்ததும்
தண்ணீர், தண்ணீர், குடம் குடமாய்.
அலசிய நீர் சுண்ணாம்புக் குழியில் விழுந்து
சீறி அடங்கியது.
பயம் அடங்கவில்லை.

காலண்டர் தாளின் பின்பக்கம்
செம்பருத்தி இதழைத் தேய்த்து
நீலமேற்றி வைத்திருந்தேன்.
வாளி நீரில் நனைத்தேன். சிவந்தது.
இன்னும் அலசினேன். இளஞ்சிவப்பு.
இன்னும்.
ஏழாவது தண்ணீரில்
நீலம் நீலமாகவே நின்றது.
செம்பருத்தியும் பருத்தியும் ஒரே குடும்பம் என்று
பிளஸ் டூவில் படித்தது
இருபது வருசம் கழித்து
உறவுக்கு உதவியது.

மேலே ஒரு வட்டம் மிதந்தது.
மற்றவை கல்லைப்போல் அடியில்.
மிதந்ததை டீ வடிகட்டியில் அள்ளினேன்.
கால் பங்கு போகுதே, என்றார்.
உள்ளே ஒன்றுமில்லை என்று
ஒன்றை நகத்தால் பிளந்து காட்டினேன்.
தும்மினால் பறக்கிற தோல்.
இன்னொன்றைப் பிளந்தேன்.
அதில் அரைப்பருப்பு இருந்துவிட்டது.
அவர் அதைத்தான் பார்த்தார்.

மூழ்கியதை நிழலில் உலர்த்தி
ஆறிய கஞ்சியில் டிரைக்கோடெர்மா பிசைந்து
ஒவ்வொன்றுக்கும் சட்டை போட்டேன்.
நூறு எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி
எட்டாம் நாள் பிரித்தேன்.
எண்பத்தொன்று.
அவரும் ஒருமுறை எண்ணினார்.
எண்பத்திரண்டு என்றார்.
இருக்கட்டும்.

விதைத்துப் பத்தாம் நாள்
வரப்பு ஆமணக்குக்குப் பின்னால்
ஒரு முறம் அகலத்துக்கு
மண் கிளறிக் கிடந்தது.
முப்பது, நாற்பது குழி இருக்கும்.
இரண்டு முளைத்திருந்தன.
அதில் ஒன்று
விதைத்தோலைக் கழற்ற முடியாமல்
தொப்பி போட்டபடி நின்றது.
பக்கத்தில் எங்கள் வீட்டுச் சொம்பு,
அடியில் கொஞ்சம் தண்ணீருடன்.

விரலை அதில் நனைத்து
தொப்பியை மெல்ல எடுத்துவிட்டேன்.
சொம்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு
வரிசையில் சந்து விழுந்த குழிகளை
எண்ணப் போனேன்.